நோக்கும் நோக்கமும்: மூளையின் நுதற்பகுதியும் காட்சி வெளியும் பற்றிய ஓர் அறிவு வரலாற்றுக் குறிப்பு

மனிதன் உலகைக் காண்கிறான் என்னும்போது அச்செயலின் இயல்பு யாது? புறவுலகு கண்வழியே புகுந்து மூளையிற் பதிகிறது என்று கொள்வதா? அன்றி, தன் தேவைக்கும் செயலுக்கும் ஏற்ப மனிதன் புறவுலகைத் தேடிச் செல்கிறான் என்று கொள்வதா? நெடுங்காலம் மெய்யியலாளரின் தனியுரிமையாக இருந்த இவ்வினா, கடந்த ஒன்றரை நூற்றாண்டில் உடற்றொழிலியல் ஆய்வுகூடத்துக்கும் போர்க்கள வைத்தியசாலைக்கும் இடம்பெயர்ந்தது. அவ்விடப்பெயர்வின் ஒரு பகுதியை, அதாவது மூளையின் நுதற்சோணை காட்சி வெளியை எவ்வாறு தன்னகத்தே கொள்கிறது என்ற அறிவு வளர்ந்த வரலாற்றை, இக்கட்டுரையில் நோக்க முனைகிறோம்.

நாம் நரம்பியலைத் துறையாகக் கொண்டவர்கள் அல்லர், இலக்கிய ஆய்வுக்காரர். எனினும் இவ்வரலாறு நமக்குப் புறம்பானதன்று. இலக்கியம் சமூகத்தைப் பிரதிபலிக்கிறது என்ற கூற்று நமது விமரிசனத்திற் பெருவழக்காகிவிட்டது. பிரதிபலிப்பு என்னும்போது கண்ணாடியே பலரது மனக்கண்முன் வருகிறது. 1845 இல் ஃபொயர்பாக் பற்றி மார்க்ஸ் எழுதிய குறிப்புகளின் முதற் குற்றச்சாட்டே, பழைய பொருள்முதல்வாதம் புலனுணர்வை வெறும் பார்த்தலாகக் கொண்டதேயன்றி மனித நடைமுறையாகக் கொள்ளவில்லை என்பதாகும். அக்குறிப்புகளை ஏற்றுக்கொண்ட பின்னரும் கண்ணாடி உவமையை நாம் கைவிடவில்லை. மூளை பற்றிய அறிவு அவ்வுவமையை எங்ஙனம் படிப்படியாகத் தகர்த்தது என்பதை அறிவது, ஆதலின், நமக்கும் பயன்தருவது.

1. மனநோய்மனையில் ஓர் ஆய்வுகூடம்

1870 இல் பேர்லினில் ஃபிறிட்ஸ், ஹிற்சிக் என்னும் இருவர் நாயின் மூளைய மேற்பட்டையை மின்னோட்டத்தால் தூண்டி, உடலின் எதிர்ப்புறத் தசைகள் அசைவதைக் காட்டினர். மேற்பட்டை தூண்டலுக்கு இணங்காதது என்ற அக்கால நம்பிக்கை இதனால் வீழ்ந்தது. மூன்றாண்டுகளின் பின், 1873 இல், டேவிட் ஃபெறியர் இதே முறையை விரிவாகக் கையாளத் தொடங்கினார். அவருக்கு ஆய்வுகூடமும் விலங்குகளும் கிடைத்த இடம் யோக்ஷயரின் மேற்குப் பகுதியில், வேக்ஃபீல்டில் இருந்த வறியோர் மனநோய்மனையாகும். கம்பளி ஆலைகள் நிறைந்த கைத்தொழிற் பிரதேசம் அது. பெருந்தொகையான வறியோரை ஓரிடத்தில் அடைத்துவைத்த நிறுவனமொன்றின் உள்ளிருந்தே மூளையின் புதிய புவியியல் வரையப்பட்டது என்பது மனங்கொள்ளத்தக்கது.

குரங்கின் நுதற்பகுதியில் ஒரு குறித்த இடத்தைத் தூண்டியபோது அதன் கண்கள் அகலத் திறந்தன; தலையும் கண்களும் எதிர்ப்புறம் திரும்பின. எதனையோ கவனிப்பது போன்ற தோற்றம் அது. பிற்காலத்தில் 'நுதற் கண்புலம்' எனப் பெயர்பெற்ற பிரதேசம் இதுவே. 1876 இல் வெளிவந்த தமது நூலில் ஃபெறியர் நுதற்பகுதியைக் கவனத்தோடு தொடர்புபடுத்தினார். பார்வையின் இருப்பிடத்தைப் பொறுத்தமட்டில் அவர் தவறினார்; அதனைச் சுவர்ச்சோணையின் கீழ்ப்பகுதியில் வைத்தார். பிடரிச்சோணையே பார்வைக்குரியது என்பதை ஹேர்மன் முங்க் முதலானோர் பின்னர் நிலைநாட்டினர். அவ்விவாதத்தில் முங்க் வென்றார். அவ்வெற்றியோடு, காண்பதும் கண்ணைத் திருப்புவதும் இருவேறு துறைகளாகப் பிரிந்தன. பிடரி காண்பது, நுதல் அசைப்பது என்ற இப்பிரிவினை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு நீடித்தது.

2. துப்பாக்கிக்குண்டு வரைந்த படம்

பிடரிச்சோணையில் காட்சி வெளியின் ஒழுங்கான படம் ஒன்று உள்ளது என்பதை நிறுவியவை போர்களே. 1904–05 இல் நிகழ்ந்த ருஷ்ய–யப்பானியப் போரிற் பயன்பட்ட புதிய சிறுவிட்டக் குண்டுகள் வேகமாக மண்டையோட்டைத் துளைத்து மறுபுறம் வெளியேறின. காயமுற்றோர் பலர் உயிர் தப்பினர். அவர்களுட் பார்வை இழந்தோரைப் பரிசோதித்த இளம் கண்வைத்தியர் தற்சுஜி இனோயே, குண்டு சென்ற வழியையும் பார்வைப்புலத்தில் எழுந்த குருட்டிடத்தையும் ஒப்பிட்டு, 1909 இல் தம் ஆய்வை வெளியிட்டார். முதலாம் உலகப் போரில் பிரித்தானியரான கோர்டன் ஹோம்ஸ் அதே பணியைப் பெருமளவிற் செய்தார். பிரித்தானியப் படைவீரரின் உருக்குத் தலைக்கவசம் பிடரியின் கீழ்ப்பகுதியைக் காக்கவில்லை. அகழியிலிருந்தோரின் பிடரிக் காயங்கள் அவருக்கு ஆய்வுப் பொருளாயின. 1918 அளவில், பார்வைப்புலத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் பிடரியில் ஓரிடம் உண்டென்பதும் நடுப்பார்வைக்கே அங்கு மிகப்பெரும் பங்கு உரியதென்பதும் ஐயத்துக்கிடமின்றித் தெளிவாயின.

இங்கு ஆய்வுமுறையை நாம் கூர்ந்து நோக்குதல் வேண்டும். நோயாளி ஒரு புள்ளியை அசையாது உற்றுநோக்க வேண்டும். ஓரத்தில் ஒரு பொருள் தோன்றும். தெரிகிறதா, இல்லையா என்று அவர் கூறவேண்டும். அவர் கண்ணைத் திருப்பினால் அப்பரிசோதனை வீணாகும். நாள்தோறும் கண்ணைத் திருப்பித் திருப்பி வாழும் மனிதனை அசையாத கருவியாக்கிய பின்னரே படம் பெறப்பட்டது. அப்படம் உண்மையானது, அதில் ஐயமில்லை. ஆயின் அது அசையாது இருத்தப்பட்ட மனிதனின் படம். இம்முறை செயலை முற்றாக விலக்கியமையால் நுதற்சோணை அங்கு பேச வழியிருக்கவில்லை. அதன் பெரும்பகுதியை 'மௌனப் பிரதேசம்' என அக்கால மருத்துவர் அழைத்ததில் வியப்பில்லை.

இனோயேயின் ஆய்வு வெளியான அதே 1909 இலேயே பிரதிபலிப்புக் கொள்கையை வற்புறுத்தும் லெனினது மெய்யியல் நூலும் வெளிவந்தது. இவ்விரண்டுக்கும் நேரடித் தொடர்பில்லை. எனினும், பிற்காலத்தில் அந்நூலை வாய்பாடாக்கியவர்கள் கையாண்ட பிரதிபலிப்பு, போர்க்காயத்திலிருந்து பெற்ற இந்த அசையாப் படத்தையே ஒத்திருந்தது.

3. எது கேட்கப்பட்டது, எது கேட்கப்படவில்லை

1930களில் யேல் பல்கலைக்கழகத்தில் கார்லைல் யக்கப்சன் எளிய பரிசோதனை ஒன்றை நடத்தினார். இரு மூடிகளுள் ஒன்றின் கீழ் உணவு வைக்கப்படுவதைக் குரங்கு காணும். பின் திரை இறங்கும். சில கணங்களின் பின் திரை உயரும். குரங்கு சரியான மூடியைத் தெரிவுசெய்ய வேண்டும். இருபுற நுதற்பகுதியும் அகற்றப்பட்ட குரங்கு இதிற் தோற்றது. அதன் பார்வை பழுதுறவில்லை, கை பழுதுறவில்லை. கண்ணெதிரே இல்லாததொரு இடத்தை மனத்தில் நிறுத்தி அதன்வழிச் செயற்படும் ஆற்றலே அற்றுப்போயிருந்தது. நுதற்சோணைக்கும் வெளிக்கும் உள்ள உறவு பற்றிய முதலாவது பெருஞ்சான்று இதுவாகும்.

ஆயின், 1935 இல் இலண்டனில் நடைபெற்ற அனைத்துலக நரம்பியல் மாநாட்டில் இவ்வாய்வு பேசப்பட்டபோது பலரது செவியில் விழுந்தது வேறு செய்தி. தோல்வியுற்றபோதெல்லாம் சீற்றங்கொண்ட ஒரு சிம்பன்சி, அறுவையின் பின் அமைதியாகிவிட்டது என்ற செய்தியே அது. அம்மாநாட்டிற் பங்குகொண்ட எகாஸ் மோனிஸ் அதே ஆண்டு நவம்பரில் லிஸ்பனில் மனநோயாளரின் நுதற்சோணையைத் தாக்கும் அறுவையைத் தொடக்கிவைத்தார். சிம்பன்சிக் கதையே இச்சிகிச்சைக்கு வித்திட்டது என்பது மிகை எனப் பின்வந்த வரலாற்றாசிரியர் காட்டியுள்ளனர். கதை மிகையாகலாம்; அதற்குக் கிடைத்த வரவேற்பு மிகையன்று. நிரம்பி வழிந்த மனநோய்மனைகளுக்கு வேண்டியிருந்தது வெளி பற்றிய கொள்கையன்று; அமைதியான நோயாளர். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பல்லாயிரக்கணக்கானோர் இவ்வறுவைக்கு உட்படுத்தப்பட்டனர். 1949 இல் மோனிஸ் நோபல் பரிசு பெற்றார். யக்கப்சனின் மெய்யான கண்டுபிடிப்பு தன் உரிய விளக்கத்துக்காக மேலும் பல தசாப்தங்கள் காத்திருக்க நேர்ந்தது. ஓர் ஆய்விலிருந்து சமூகம் எதனை எடுத்துக்கொள்கிறது என்பதை ஆய்வு மட்டும் தீர்மானிப்பதில்லை.

சோவியத் ஒன்றியம் 1950 இல் இவ்வறுவையைத் தடைசெய்தது. இதனைப் பெருமையோடு சுட்டுவோர் அதே ஆண்டின் மற்றொரு நிகழ்ச்சியையும் சுட்டவேண்டும். பவ்லோவின் பெயரால் 1950 இல் நடத்தப்பட்ட விஞ்ஞானக் கூட்டத்தொடரின் விளைவாக, நுதற்சோணையை மிக ஆழமாக ஆய்ந்துகொண்டிருந்த அலெக்சாண்டர் லூரியா, மொஸ்கோ நரம்பறுவை நிறுவகத்திலிருந்து வெளியேற்றப்பட்டார். மார்க்சியத்தின் பெயரால் மார்க்சிய உளவியலாளர் ஒருவரே வாயடைக்கப்பட்டார். மார்க்சியர் என்ற வகையில் இதனை நாம் மறைத்தல் தகாது.

4. லூரியாவின் இரு நோயாளர்

லூரியா, 1934 இல் இளவயதில் மறைந்த விகொட்ஸ்கியின் தோழர். மனிதனின் உயர் உளத்தொழிற்பாடுகள் சமூக உறவிற் தோன்றி, மொழி முதலிய கருவிகளால் வடிவம்பெற்று, பின்னரே தனிமனிதனின் உள்ளே இடம்பெறுகின்றன என்பது விகொட்ஸ்கியின் அடிப்படைக் கருத்து. இரண்டாம் உலகப் போரிற் காயமுற்ற வீரருக்கான வைத்தியசாலையில் லூரியா இக்கருத்தோடு மூளையை அணுகினார். நுதற்சோணை செயலைத் திட்டமிட்டு, நெறிப்படுத்தி, விளைவைத் திட்டத்தோடு ஒப்புநோக்கும் பகுதி என்ற முடிவுக்கு வந்தார்.

அவருடைய நோயாளருள் இருவகையினரை ஒப்பிடுவோம். முதலாமவர் 1943 இல் சிமொலென்ஸ்க் போர்முனையிற் காயமுற்ற இளம் வீரர். இடது மூளையின் பின்பகுதி சிதைந்திருந்தது. எந்தப் பொருளைப் பார்த்தாலும் வலப்பாதி தெரியாது. தன் உடலின் உறுப்புகள் எங்குள்ளன என்பதுகூடத் தடுமாறும். எழுதியதை வாசிக்க முடியாது. ஆயின் நுதற்சோணை பழுதுறவில்லை. தமக்கு நேர்ந்தது யாதென அறிந்துகொள்ளவும் அறிவிக்கவும் அவர் ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள், நாளொன்றுக்குச் சில வரிகளாக, மூவாயிரம் பக்கமளவில் எழுதினார். வெளி சிதைந்த நிலையிலும் நோக்கம் சிதையாத மனிதர் அவர்.

இரண்டாம் வகையினர் இதற்கு நேர்மாறானோர். இங்கு யார்பஸ் என்னும் சோவியத் ஆய்வாளரின் பணியைக் கூறவேண்டும். விழியசைவைத் துல்லியமாகப் பதியும் கருவியை அமைத்த அவர், 1965 இல் வெளிவந்த நூலில், ஓவியர் றேப்பின் 1880களில் வரைந்த புகழ்பெற்ற படமொன்றைப் பார்த்தவரின் விழிச்சுவடுகளைத் தந்தார். அரசியற் காரணத்தால் நாடுகடத்தப்பட்ட ஒருவன் எதிர்பாராத வேளையில் வீடு திரும்பும் காட்சி அது. குடும்பத்தின் பொருள்நிலை யாது என்று வினவியபோது விழி ஒருவழிச் சென்றது. ஒவ்வொருவரின் வயது யாது என்றபோது முகங்களையே நாடியது. அவன் எத்துணைக் காலம் பிரிந்திருந்தான் என்றபோது முகத்துக்கு முகம் மாறி மாறி அலைந்தது. படம் ஒன்று, விழித்திரை ஒன்று, வினா மாறப் பார்வையும் மாறியது. 1966 இல் லூரியா, காப்போவ், யார்பஸ் ஆகிய மூவரும், நுதற்சோணையிற் கடுஞ்சேதமுற்ற நோயாளருக்கு இவ்வாறு படங்காட்டியபோது விழிச்சுவடு வினாவுக்கேற்ப மாறவில்லை. அவர்தம் பார்வைப்புலம் முழுமையாயிருந்தது. எல்லாம் கண்ணிற் பட்டது, எதுவும் தேடப்படவில்லை. ஏதோ ஒரு விவரத்தைப் பற்றிக்கொண்டு அவர்கள் உடனே விடை கூறிவிட்டனர்.

இவ்விரு வகையினரையும் ஒருங்குவைத்து நோக்கும்போது, காண்பதையும் அசைப்பதையும் பிரித்த பழைய பிரிவினை போதாதென்பது புலனாகும்.

5. நரம்புக்கலம் கூறியது

நுண்மின்வாய்கள் தனி நரம்புக்கலத்தின் தொழிற்பாட்டைப் பதிவுசெய்யலாயின. 1969 இல் றொபின்சன், ஃபூக்ஸ் ஆகியோர் விழித்திருக்கும் குரங்கின் நுதற் கண்புலத்தைச் சிறு மின்னோட்டத்தால் தூண்டினர். ஒவ்வோரிடமும் குறித்த திசையில், குறித்த அளவான விழித்துள்ளலை விளைவித்தது. பக்கக் கீழ்ப்பகுதி சிறு துள்ளல்களையும் உள்மேற்பகுதி பெருந்துள்ளல்களையும் தந்தன. அதாவது இங்கும் ஒரு படம் உண்டு. ஆயின் அது இடங்களின் படமன்று. இங்கிருந்து அங்கு செல்ல எவ்வளவு, எத்திசையில் நகரவேண்டும் என்னும் பெயர்ச்சிகளின் படம்.

எனினும் ஒரு புதிர் எஞ்சியிருந்தது. 1968 இல் பிற்சி பதிவுசெய்த கலங்கள் விழி அசையுமுன் துடிக்கவில்லை. அசைவின்போதும் பின்னருமே துடித்தன. அவ்வாறாயின் இப்பகுதி அசைவை எங்ஙனம் ஏவும்? பிறூஸ், கோல்ட்பேர்க் ஆகியோர் 1985 இல் இதற்கு விடைகண்டனர். குரங்கு தன்போக்கில் விழியைத் திருப்பும்போதன்றி, ஒரு குறிக்கோளை நாடித் திருப்பும்போதே பல கலங்கள் அசைவுக்கு முன் துடித்தன. குறிக்கோளைப் பரிசோதனைக்குள் கொண்டுவந்த பின்னரே நுதற்பகுதி விடை கூறிற்று. அசைவுக்குரிய கலங்களோடு, ஒளிக்கு இணங்கும் கலங்களும் இரண்டிற்கும் பொதுவான கலங்களும் அங்கு அடுத்தடுத்து இருந்தன. அவ்விடம் விழித்துள்ளலின் இலக்காகும்போது ஒளிக்கான துடிப்பு வலுப்பெறும் என்பதை வேர்ட்ஸ், மோலர் ஆகியோர் 1976 இலேயே காட்டியிருந்தனர்.

கைக்கும் இவ்வாறே. இத்தாலியின் பார்மா நகரில் றிசொலாற்றியும் குழுவினரும் 1983 இல் வெளியிட்ட ஆய்வொன்று நமது கருத்துக்கு மிக அணுக்கமானது. ஒருபுற நுதற் கண்புலத்தை இழந்த குரங்கு தொலைவெளியிலுள்ள பொருள்களைப் புறக்கணித்தது. அதற்குப் பின்னாலுள்ள முன்னியக்கப் பகுதியை இழந்த குரங்கு, வாய்க்கும் கைக்கும் அண்மையான வெளியிலுள்ளவற்றைப் புறக்கணித்தது. கேத்திர கணிதத்தின் ஒருசீரான வெளி மூளையில் இல்லை. கைக்கு எட்டும் வெளி வேறு, கண்ணுக்கு மட்டும் எட்டும் வெளி வேறு. 1994 இல் கிறாசியானோவும் உடனாய்வாளரும் முன்னியக்கப் பகுதியிற் கண்ட சில கலங்களின் காட்சிப்புலம், கையை நகர்த்தும்போது கையோடு நகர்ந்தது. 1996 இல் யப்பானிய ஆய்வாளரான இரிக்கியும் குழுவினரும், வாரியொன்றால் உணவை இழுக்கப் பழகிய குரங்கின் சுவர்ச்சோணைக் கலங்களின் காட்சிப்புலம் வாரியின் நுனிவரை நீள்வதைக் கண்டனர். வெறுமனே கையில் வைத்திருந்தபோது நீளவில்லை. கருவியும் உழைப்பும் கையை மட்டுமன்றிப் புலன்களையும் மாற்றின என 1876 இல் ஏங்கல்ஸ் எழுதியதை இங்கு நினைவுகூராதிருத்தல் அரிது.

6. ஓர் எச்சரிக்கை

இதுவரை கூறியவற்றிலிருந்து, நுதற்பகுதியிற் செயலன்றி வேறொன்றுமில்லை என்ற முடிவுக்கு விரைதல் எளிது. அதற்கும் ஆய்வுகள் இடந்தரவில்லை. 1989 இல் ஃபுனகாஷி, பிறூஸ், கோல்ட்மன்–றாக்கிச் ஆகியோர் யக்கப்சனின் பழைய பரிசோதனையை விழிக்கு ஏற்ப மாற்றியமைத்தனர். எட்டுத் திசைகளுள் ஒன்றில் ஒளி தோன்றி மறையும். குரங்கு சில வினாடிகள் காத்திருந்து, மறைந்த இடத்துக்கு விழியைத் திருப்பவேண்டும். நுதன்முன் மேற்பட்டையின் கலங்கள் பல, குறித்தவொரு திசைக்கென, ஒளி இல்லாத அவ்விடைவேளை முழுதும் துடித்துக்கொண்டிருந்தன. இத்துடிப்பு வரவிருக்கும் அசைவா, கண்ட இடத்தின் நினைவா? 1993 இல் ஒளி தோன்றிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திரும்புமாறு குரங்கைப் பழக்கி ஃபுனகாஷியும் உடனாய்வாளரும் இதனை வேறுபடுத்தினர். பெரும்பாலான கலங்கள் ஒளி இருந்த இடத்தையே பேணின. சிறுபான்மையானவையே அசைவின் திசையைக் குறித்தன.

ஆகவே புறவுலகின் தடயம் செயலிற் கரைந்துவிடுவதில்லை. செயலுக்காகப் பேணப்படுவதாயினும் அது புறவுலகின் தடயமே. கண்ணாடிவாதத்தை மறுக்கப் புறப்பட்டு, உலகம் நமது விருப்பத்தின் படைப்பு என்ற கருத்துமுதல்வாதத்தில் வீழ்வோருக்கு இது தக்க மறுப்பாகும். மறுபுறம், 2003 இல் மூர், ஆம்ஸ்றோங் ஆகியோர், விழியை அசைக்கப் போதாத அளவு மெல்லிய மின்னோட்டத்தால் நுதற் கண்புலத்தைத் தூண்டியபோது, பின்னாலுள்ள காட்சிப் பகுதியொன்றில் அதே இடத்துக்குரிய கலங்களின் துடிப்பு வலுப்பெற்றது. நுதல் பின்பகுதியிலிருந்து பெறுவதோடு நில்லாது அதனைத் திருத்தவும் செய்கிறது. ஒருவழிப் பாதையன்று இது, இருவழி உறவு.

2006, 2007 ஆம் ஆண்டுகளில் காந்தப்புல உருவாக்க முறைகளால் மனித நுதற்பகுதியிலும் ஒழுங்கான வெளிப்படங்கள் காட்டப்பட்டன. நினைவு இடையறாத துடிப்பினாற் பேணப்படுகிறதா, கலங்களிடையான இணைப்புகளின் தற்காலிக மாற்றத்தாலும் பேணப்படுகிறதா என்பது இன்றும் விவாதத்துக்குரியது. குரங்கிலிருந்து மனிதனுக்கும், கலத்திலிருந்து சமூகத்துக்கும் தாவுவதும் தவறு. நரம்புக்கலம் ஒரு நாவலை விளக்காது. றேப்பினின் படத்துக்கு முன் நின்றவரின் விழியை நடத்திய வினாவை மூளை தானே படைக்கவில்லை; அது மொழியாக, மற்றொருவரின் வாயிலிருந்து வந்தது. பொருள்நிலை பற்றிக் கேட்கத் தெரிந்த சமூகத்திலேதான் விழி பொருள்நிலையைத் தேடும்.

முடிவுரை

தமிழில் நோக்கு என்பது பார்வையையும், நோக்கம் என்பது குறிக்கோளையும் உணர்த்தும். இரண்டும் ஒரே வினையடியிற் பிறந்தவை. தொல்காப்பியச் செய்யுளியல் நோக்கினைச் செய்யுளுறுப்புகளுள் ஒன்றாகவும் வைத்தது. சொல்லின் பொருத்தத்தைக் கொண்டு நம் முன்னோர் நரம்பியல் அறிந்திருந்தனர் எனக் கூறுவது நகைப்புக்கிடமாகும். எனினும் பிரதிபலிப்பு என்ற சொல்லைவிட இச்சொல் நம் ஆய்வுக்குச் சிறந்த தொடக்கத்தைத் தரக்கூடும். ஓர் எழுத்தாளன் தன் காலத்தைப் பிரதிபலித்தானா என்று மட்டும் கேட்பது, கண்ணை அசைக்காதே என்று நோயாளிக்குக் கட்டளையிட்டுப் படம் வரைவதை ஒக்கும். எந்த வினாவோடு, எதனை நாடி, யாருடைய கைக்கு எட்டும் வெளியிலிருந்து அவன் நோக்கினான் என்பதையும் நாம் கேட்டாக வேண்டும்.

இவ்வறிவு எங்கிருந்து வந்தது என்பதையும் மறத்தல் ஆகாது. வேக்ஃபீல்டின் வறியோர், அகழிகளிற் பிடரி சிதைந்தோர், அமைதிக்காக நுதல் அறுக்கப்பட்டோர் ஆகியோரின் உடல்களின் மீதே இப்படங்கள் வரையப்பட்டன. அவர்களுட் பெரும்பாலோரின் கூற்று மருத்துவரின் குறிப்புகளில் மட்டுமே எஞ்சியுள்ளது. சிமொலென்ஸ்கிற் காயமுற்ற அந்த வீரர் மட்டும், தன் பாதியுலகைக் காணமுடியாத நிலையிலும், தன் கையாலேயே தன் கதையை எழுதினார். காண்பது என்னும் செயலின் முழுப் பொருளையும் அறிய விரும்புவோர் மருத்துவரின் படத்தோடு அந்த மூவாயிரம் பக்கங்களையும் சேர்த்தே நோக்குதல் வேண்டும்.